பூட்டியிருப்பதைத் திறந்து காட்டுகிறவர்

விளாங்குடியில் நான் ஒன்பது வருஷம் மாடியில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. இரட்டைக்குழல், லைசென்ஸ் உள்ளது. இதைத் தெரிந்துகொள்ள ஒன்பது வருஷம் தேவையில்லை, ஒன்பது நிமிஷம் போதும். வீடு பார்க்கப் போன அன்றைக்கு, தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று நான் கேட்பதற்குள் அவர் என்னை உள்ளே கூட்டிப்போய், சுவரில் சிமென்ட் பூசிப் பதித்திருந்த இரும்புப் பெட்டியைக் காட்டினார்.

"துப்பாக்கி இருக்குற வீடுன்னு யாராச்சும் சொல்லிப் பயமுறுத்துவாங்க. நீங்க பயப்படக் கூடாது பாருங்க. பூட்டித்தான் இருக்கு."

"சரிங்கண்ணே."

"பாக்காம எப்படிச் சரிங்கலாம்?"

வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை வெளியே இழுத்தார். கயிறு நீளம் போதாது. ஆகவே அவர் வயிற்றைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தித்தான் பூட்டைத் திறக்க முடியும். சாவி எந்நேரமும் உரிமையாளரின் உடம்பில் இருக்க வேண்டும் என்று அவரே ஒரு முடிவு கட்டியிருந்தார். பெட்டி திறந்தது. துப்பாக்கி இருந்தது. மறுபடி மூடிப் பூட்டி, கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, பூட்டித்தான் இருக்கு" என்றார்.

பூட்டியிருக்கிறது என்பதை நிரூபிப்பதற்காக அவர் அந்தப் பெட்டியைத் திறக்காத நாள் குறைவு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் பார்த்திருக்கிறார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பெண் பார்த்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த, ஊர் பேர் தெரியாத ஒரு தம்பதி, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். எங்கள் தெருவில் அதைவிட நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ரகசியம் கிடையாது, எல்லோரும் சேர்ந்து பாதுகாத்தோம்.

எனக்குத் தல்லாகுளத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் உண்டு, மனு எழுதித் தருவதும் உண்டு. மாடிக்குக் குடிவந்தவன் டைப் அடிக்கிறவன் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசையாக என்னிடம் டைப் செய்து வாங்கினார். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியே வைக்க வேண்டும், வேறு ஆள் கையில் படக் கூடாது. அதை லேமினேட் செய்து, ஹாலில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். ராகு காலம் பார்க்கப் போனால் ஆயுதச் சட்டமும் கண்ணில் படும்.

தோட்டாக்களைத் தனியே வைக்கச் சொன்னதால் அடுத்த அறையில் பீரோவில் வைத்திருந்தார். பீரோவுக்கும் பூட்டு உண்டு. அந்தச் சாவி பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. ஏனண்ணே என்று கேட்டேன். "தனியா வைக்கச் சொல்லியிருக்கு, வச்சிருக்கேன். பூட்டச் சொல்லியிருக்கு, பூட்டியிருக்கேன். ஆணியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அந்தத் துப்பாக்கி அவருடைய அப்பாவுக்கு, வாடிப்பட்டிப் பக்கம் இருந்த தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்டக் கொடுத்தது. தோட்டம் போய்விட்டது. அங்கே இப்போது பிளாட் போட்டு, பன்றிகள்கூட வர யோசிக்கிற அளவுக்கு வீடுகள் வந்துவிட்டன. துப்பாக்கி மட்டும் வாரிசுக்கு வந்து, ஒரு தடவைகூட வெடிக்காமல், சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சொகுசாக இருந்தது. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷி. சனிக்கிழமை காலையில் நான் படியிறங்கும்போது, "இப்பத்தான் உள்ள போகாதீக. ஒங்க அண்ணனோட மூத்த தாரத்துக்கு எண்ணெய்க் குளியல் நடக்குது" என்பார்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் போலீஸ் இரண்டு முறை போன் செய்த பிறகு முனகிக்கொண்டே போவார்கள். இவர் டிவியில் தேதி சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோவுக்குச் சொல்லிவிடுவார். துப்பாக்கியைச் சுற்ற மெத்தைவிரிப்பு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. ஒப்படைத்துவிட்டு வந்தால் வாரத்துக்கு ஒரு முறை ஸ்டேஷனுக்குப் போய், ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று விசாரிப்பார். ஒரு தடவை எண்ணெய்க் குப்பியோடு போய்விட்டார். "ஐயா, இது ஸ்டேஷன். பிரசவ வார்டு இல்ல" என்று ரைட்டர் சொல்லி அனுப்பியதாக அவரே வந்து வருத்தப்பட்டார்.

கேலி செய்கிறேனே தவிர, நல்ல மனிதர். என் மகளுக்குக் காய்ச்சலில் கண் சொருகிப்போன ஒரு மத்தியானம், கடையில் இருந்த எனக்குத் தகவல் வருவதற்கு முன்பே அவர்தான் ஸ்கூட்டரில் என் மனைவியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் மனைவிக்கு ஹெல்மெட் தேடிக் கொடுத்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மாட்டார். ஒருமுறை சிக்னலில் போலீஸ்காரர் வேறு யாரையோ மறித்துக்கொண்டிருந்தபோது, இவர் தானாக வண்டியை ஓரங்கட்டி, "சார், எனக்கு இன்சூரன்ஸ் நேத்தோட முடிஞ்சிருச்சு" என்று சொன்னார். அந்தப் போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்படி ஒரு மனிதருக்கு அடுத்த வீட்டில் சொந்தத் தம்பி இருப்பது தம்பியின் கெட்ட நேரம். தம்பி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றக் கட்டியிருந்த சரிவு இரண்டடி தெருவுக்குள் வந்திருந்தது. ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான் என்று அண்ணன் மனுக் கொடுத்தார். டைப் செய்தவன் நான். மாநகராட்சி ஜேசிபி வந்து இடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தம்பி மதினியோடு மட்டும் பேசுவார், அதுவும் அண்ணன் தலை தெரியாதபோது.

ஆயுத பூஜை வந்தது. சட்டம் படிக்கிற மனிதர் சாமிக்கும் குறை வைக்க மாட்டார். இரும்புப் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துக் கதவைத் திறந்துபோட்டார். ஹாலில் ஒரு மணைப்பலகை. அதன்மேல் அரிவாள்மனை, சுத்தியல், ஸ்குரூ டிரைவர், அவருடைய ஹெல்மெட், நான் கொண்டுபோய்க் கொடுத்த பழைய கீபோர்டு. நடுவில் துப்பாக்கி, இரண்டு குழலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து. முன்னால் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். பழத்துக்குப் பக்கத்தில் இரண்டு தோட்டா. அவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்.

"அண்ணே, தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு நம்மதானே டைப் பண்ணி மாட்டியிருக்கோம்."

"பூசையில வச்சிருக்கு தம்பி. நாளைக்குக் காலையில மறுபூசை ஆகுற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. இத விட என்ன பூட்டு வேணும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் கடையில் ஜெராக்ஸ் மெஷினை அன்றைக்கு யாராவது தொட்டால் எனக்குமே கோபம் வரும். பொரி வாங்கித் தின்றுகொண்டே மாடிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணன் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். நடுத்தெருவில்தான். தெருவில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று யாரும் அவருக்கு டைப் செய்து கொடுக்கவில்லை போலிருக்கிறது. பத்து நிமிஷத்தில் தம்பி ஸ்கூட்டரில் வந்து, அதன் மேல் ஏற்றி, வழுக்கி விழுந்தார். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. மூன்று வருஷமாகப் பேசாத வாய் திறந்தது.

"ஊருக்கெல்லாம் ரூலு பேசுற மனுசன் ரோட்டுல பூசணிக்காய ஒடைக்கலாமாக்கும்? என் வீட்டுச் சரிவு இடைஞ்சலு, இது இடைஞ்சல் இல்லையாக்கும்?"

அண்ணன் வாசலில் நின்று, "பாத்து வரணும்" என்றார். அதோடு போயிருக்கும். தம்பி அடுத்துச் சொன்னதுதான் ஆகவில்லை.

"அப்பன் பேரச் சொல்லிக்கிட்டு ஒரு துருப்பிடிச்ச துப்பாக்கிய வச்சுப் பூச்சாண்டி காட்டுறாரு. அது வெடிக்குமான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்கப்பா."

துருப்பிடித்தது என்று சொல்லிவிட்டார். அண்ணன் உள்ளே திரும்பினார். சத்தம் கேட்டு நான் பாதிப் படி இறங்கியிருந்தேன். அங்கிருந்து ஹால் ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். தெருவில் நின்ற தம்பிக்குத் தெரியாது. அண்ணன் மணைப்பலகையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி, துருப்பிடிக்கவில்லை என்று தம்பிக்குக் காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவுக்காகத் தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் நான் பார்க்காத முகம். நான் இறங்கி ஓடவில்லை. கூப்பிடவும் இல்லை. அந்தப் படியிலேயே நின்றேன், அதுதான் உண்மை.

மதினி தரையில் உட்கார்ந்து பொரியைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே தாம்பாளத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"குடு" என்றார் அவர்.

"மறுபூசை ஆகல."

"குடுன்னு சொல்றேன்ல."

"ஆகாம எடுக்கக் கூடாது. நீங்க ஒண்ண எடுத்துட்டீக. இந்த ரெண்டையும் எடுக்க விட மாட்டேன்."

அவர் திறந்த துப்பாக்கியோடு குறுக்கே நின்றார். மதினி இரண்டு தோட்டாவையும் குங்குமத்தோடு எடுத்து முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். அவரைத் தாண்டி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி, "எங்க மதினி, நல்ல நாளும் அதுவுமா கெளம்பிட்டீக?" என்று கேட்டார்.

"வில்லாபுரத்துக்கு. அக்கா வீட்டுக்கு."

"ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க. இந்த மனுசன்கிட்ட என்னத்தப் பேசி" என்றார் தம்பி. தன்னைக் கொல்ல வேண்டிய இரண்டும் தன்னைத் தாண்டிப் போவது அவருக்குத் தெரியவில்லை. மெயின் ரோட்டில் பெண்களுக்கான இலவச பஸ்ஸில் ஏறி, வைகையைத் தாண்டி, லைசென்ஸ் இல்லாமல் இரண்டு தோட்டா வில்லாபுரம் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி அன்றைக்குக் குற்றம் செய்தது மதினி ஒருத்தர்தான்.

மறுநாள் காலையில் அண்ணன் மாடிக்கு வந்தார். குளித்து, விபூதி பூசி, மறுபூஜையைத் தனியாகவே முடித்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் டைப் பண்ணணும். ரெண்டு தோட்டா குறையுது. குறைஞ்சா தெரியப்படுத்தணும்ல."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆத்திரம் தாங்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவன் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, அந்த ரெண்டும் மதினி முந்தானையில போனதாலதான் நீங்க இங்க நிக்கிறீக. இல்லாட்டி நேத்தே ஒங்கள வேற எடத்துல வச்சுப் பூட்டியிருப்பாங்க."

"நான் சுட்டுருப்பேன்னா நெனைக்கிற?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. டைப் செய்ய வந்ததையும் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மதினி போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னாராம். அது அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் தான் வரப்போவதில்லை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனைவியா, எண்ணெய் தேய்த்து வைத்த துப்பாக்கியா என்று முடிவெடுக்க நம் ஆளுக்கு எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் தானே சோறு வடித்துக் குழைத்துத் தின்றார். கேஸ்காரர் வந்தபோது பெட்டியைத் திறந்து காட்டவில்லை. "அண்ணனுக்கு உடம்புக்கு ஆகலையா?" என்று கேஸ்காரர் என்னிடம் விசாரித்தார்.

ஒன்பதாம் நாள் அவர் தல்லாகுளத்துக்குக் கடைக்கே வந்துவிட்டார். லைசென்ஸை ஒப்படைக்கிற மனு டைப் செய்யச் சொன்னார். இந்த மாதிரி மனு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயது மூப்பின் காரணமாகப் பராமரிக்க இயலாததால் என்று அடித்துவிட்டேன். அவர் படித்தார்.

"இது பொய்யில்ல?"

"எல்லாரும் இப்படித்தாண்ணே எழுதுறது."

"எனக்கு அம்புட்டு வயசா ஆயிருச்சு? சனிக்கிழம சனிக்கிழம தொடைக்கத்தான செய்றேன். காரணம்னா நடந்தத எழுதணும். எழுது."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'ஆயுத பூஜை அன்று மாலை என் உடன்பிறந்த தம்பியைச் சுடுவதற்காக இந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். என் மனைவி தோட்டாவைக் கொடுக்க மறுத்ததால் சுடவில்லை. ஆகவே இதை என் வசம் வைத்திருக்க எனக்குத் தகுதியில்லை.'

"அண்ணே, இதக் குடுத்தா கேஸாயிரும்."

"ஆகட்டும். அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. இதுதான் பதில்."

எத்தனையோ பேருக்கு எவ்வளவோ பொய்யை நல்ல தமிழில் அடித்துக் கொடுத்தவன் நான். அந்த மூன்று வரியை மட்டும் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். இந்த மனிதரைப் பார்த்து ஒன்பது வருஷம் சிரித்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனில் தோட்டாவும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். அண்ணன் துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாவையும் எடுத்து வந்தார், நான் மதினிக்குப் போன் செய்தேன். மதினி வில்லாபுரத்திலிருந்து நேரே ஸ்டேஷனுக்கே வந்து, புருஷன் முகத்தைப் பார்க்காமல், முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டையும் ரைட்டர் மேஜைமேல் வைத்தார். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. ரைட்டர் மனுவை ஒருமுறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னொரு முறை படித்தார்.

"ஏங்க, வயசாயிருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகக் கூடாதா? என்னைய எதுக்கு வம்புல மாட்டிவிடுறீங்க?"

"வயசாகல சார். கோவந்தான் வந்துச்சு."

"வேற தாள்ல மாத்தி எழுதிட்டு வாங்க."

அப்போதுதான் மதினி வாயைத் திறந்தார். "அவரு மாத்த மாட்டாரு சார். நீங்க வேணும்னா படிக்காத மாதிரி வாங்கிக்கங்க."

ரைட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியின் நம்பரைக் குறித்துக்கொண்டு, ரசீது போட்டுக் கொடுத்தார். மனுவை மற்ற தாள்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் மதினியிடம், "வீட்டுக்குத்தான வார?" என்று கேட்டார். கெஞ்சலாகத்தான் கேட்டார்.

"வாரேன். அதுக்கு முன்னாடி அந்தத் தாளோட ஜெராக்ஸ ஒங்க தம்பிக்குக் காட்டிட்டு வாங்க."

"அவனுக்கு எதுக்கு? அவனுக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதுன்னுதான் சொல்றேன்."

மூன்று வருஷமாக மிதிக்காத வாசல். சரிவு இடித்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள், அதில் கால் வைத்து ஏறினார். நானும் மதினியும் தெருவில் நின்றோம். தம்பி கதவைத் திறந்ததும் அண்ணன் வணக்கம்கூடச் சொல்லாமல் தாளை நீட்டினார். முழங்காலில் பிளாஸ்திரியோடு நின்ற தம்பி, இது சரிவுக்கு இன்னொரு மனுவோ என்கிற முகத்தோடு படிக்க ஆரம்பித்தார். முடித்ததும் மேலிருந்து திரும்பவும் படித்தார்.

"அண்ணே, நெசமாவே எடுத்தீகளா?"

"எடுத்தேன்."

"நான் வாசல்ல நிக்கிறப்பவா?"

"ஆமா."

தம்பி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி யாருங்க வந்திருக்கிறது என்று கேட்டது தெருவரைக்கும் கேட்டது. தம்பி நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் அண்ணனுக்கு இடம் விட்டார்.